மருந்தக்காவும் மஞ்சள் கால்தடங்களும்

தெருப் பிள்ளைகள் அவளை மருந்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகில் தெளிப்பான், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முகத்தில் மாஸ்க். வீட்டுப் புல்வெளிகளைப் பராமரித்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை. உரம் போடுவாள், பூச்சிக்கு மருந்தடிப்பாள், களையைக் கொல்வாள். அதற்கு முன்னால் படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொண்டாள். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்த பிறகுதான் வெளியே வேலை தேடினாள். "மனுஷங்களுக்கு மருந்து கொடுத்தா மூஞ்சியில துப்பறாங்க. புல்லு துப்பாது" என்பாள்.

இந்தத் தொழிலில் எல்லாரும் பயப்படும் தவறு ஒன்று உண்டு. நடைபாதைக் கற்களின் இடுக்கில் அடிக்கிற களைக்கொல்லி முரட்டு மருந்து. பச்சையாக எது இருந்தாலும் கருக்கிவிடும். அந்த ஈரத்தை மிதித்துவிட்டுப் புல்லில் நடந்தால் உடனே ஒன்றும் தெரியாது. சில நாள் போனதும், வைத்த காலடி ஒவ்வொன்றும் புல்லில் மஞ்சளாக எழுந்து வரும். அதனால் கல்லை விட்டு இறங்கும் முன் பூட்ஸை வாளித் தண்ணீரில் அலச வேண்டும். சேர்ந்த புதிதில் மருந்தக்கா இதை மறந்து மாட்டிக்கொண்டது உண்டு.

ஆகவே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் வீட்டிலிருந்து புகார் வந்தபோது, மேற்பார்வையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னக்கா, மறுபடியும் முத்திரை குத்திட்டு வந்துட்டீங்களா?"

"இல்ல தம்பி. அலசிட்டுத்தான் இறங்கினேன்."

"அப்ப புல்லு பொய் சொல்லுதா? போய்ப் பாருங்க. உங்க கால்தான்னா இனிமே முதலாளிகிட்ட என்னால பேச முடியாது. வேலை போயிடும்."

வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

தலைமையாசிரியர் கேட்டின் பூட்டைத் திறந்து அவளை உள்ளே விட்டுத் திரும்பவும் பூட்டினார். புல்வெளி நல்ல பச்சை. அதன் நடுவே மஞ்சள் தடங்கள். மருந்தக்கா குனிந்து பார்த்தாள். பூட்ஸுக்கு விரல் கிடையாது. இங்கே விரல்கள் இருந்தன.

ஒரு பாதம் முழுசாகப் பதிந்திருந்தது. இன்னொன்று நீளமான கோடு. இழுத்து இழுத்து வைத்த கால். வீட்டின் பின்பக்கத்திலிருந்து புறப்பட்டுக் கல்பாதையைக் கடந்து, புல் வழியாகக் கேட் வரை போயிருந்தது. கேட்டின் முன்னால் ஓர் இடம் வட்டமாகவே செத்துக் கிடந்தது. யாரோ அங்கே ரொம்ப நேரம் நின்றிருக்கிறார்கள். பிறகு திரும்பியிருக்கிறார்கள்.

"சார், இது வெறுங்கால்."

"இந்த வீட்டுல இருக்கறதே ரெண்டு பேர். நான் செருப்பில்லாம கீழ கால் வைக்க மாட்டேன். என் சம்சாரம் படுக்கையை விட்டு எழுந்திருச்சுப் பல வருஷமாச்சு, பேச்சும் போயிடுச்சு." அவர் குரல் இறங்கியது. "உங்க பூட்ஸ்தாம்மா. அப்படியே சொல்லிடுங்க."

அவர் ஆபீசுக்குப் போன் போட்டார். அவள் கை கழுவ உள்ளே போனாள்.

அறைக்கதவு திறந்திருந்தது. கேட்டைப் பார்த்த ஜன்னல், அதன் ஓரமாகக் கட்டில். போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள். நடக்காத பாதம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மாமியாரின் உள்ளங்கால் குழந்தையின் கன்னம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. இந்தக் குதிகால்கள் வெடித்திருந்தன. வெடிப்பில் மண்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பாதம் மெல்லப் போர்வைக்குள் போய்விட்டது.

"சொல்லிடாதம்மா."

மருந்தக்கா கட்டிலருகே குனிந்தாள். படுத்திருந்தவளின் உதடுகள் அசைந்தும் அசையாமலும் இருந்தன. கண்கள் கேட்டை விட்டு நகரவில்லை.

"மதியம் அவர் தூங்கறப்போ நடந்து பழகறேன். தெரிஞ்சா இந்த ரூமுக்கும் பூட்டு வந்துடும். அடுத்த தெருவுல என் தங்கச்சி இருக்கா. அங்க போயிட்டா இவர் வாலாட்ட முடியாது, அவ புருஷன் பார்த்துக்குவார். இந்த கேட்டு ஒண்ணுதான்."

"இப்பவே வாங்கம்மா, நான் கூட்டிட்டுப் போறேன்."

"வாசல்லயே மறிச்சுடுவார். அவர் தூங்கணும்."

செருப்புச் சத்தம் கேட்டது. அந்த நொடியே அந்த முகத்தில் இருந்த ஆள் காணாமல் போனாள். வாய் கோணிக்கொண்டது, கண் வெறும் கண்ணாடி ஆயிற்று. மாறிய அந்த வேகத்தைத்தான் மருந்தக்கா இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறாள்.

"ஆபீஸ் லைன்ல இருக்காங்க" என்று தலைமையாசிரியர் போனை நீட்டினார்.

அவள் வாங்கினாள். "தம்பி, நான் மிதிச்சதுதான்."

"அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்."

"அப்போ அதைச் சரி பண்ணிக் கொடுத்துட்டு, தெளிப்பானைக் கொண்டாந்து வச்சுடுங்க" என்றார் மேற்பார்வையாளர்.

மறுநாள் காலையில் செத்த புல்லைத் தோண்டி எடுத்து, மண்ணை நனைத்து, வேரோடு வெட்டிய புதுப் புல்லைப் பதித்தாள். பாய் விரித்த மாதிரி படிந்தது.

"வேர் பிடிக்கணும் சார். மதியத்துக்கு மேல வந்து தண்ணி விடணும். நீங்க தூங்கிட்டிருப்பீங்க, எழுப்ப வேணாம் பாருங்க. கேட்டைப் பூட்டாம விட்டீங்கன்னா நானே முடிச்சுட்டுப் போயிடுவேன்."

அவர் அவளையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்தார். தூக்கம் அவருக்கு முக்கியம். பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெயில் தாழ்ந்து அவள் வந்தபோது கேட் அகலமாகத் திறந்து கிடந்தது. தலைமையாசிரியர் கல்பாதையில் அசையாமல் நின்றிருந்தார். புதுப் புல்லின் ஈரத்தில் ஒரு பாதம், ஒரு கோடு, ஒரு பாதம், ஒரு கோடு. கேட்டருகே தயங்கவில்லை. திரும்பி வந்த தடமும் இல்லை.

"யாரோ தூக்கிட்டுப் போயிருக்காங்க" என்றார். "அவளால முடியாது. இது உங்க கால்தானேம்மா? நீங்கதானே சொன்னீங்க?"

"இல்ல சார். இது உங்க வீட்டம்மா கால்."

அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் ஒவ்வொரு பாதமாக நிரப்பிக்கொண்டு கேட்டை நோக்கிப் போயிற்று.