அணையின் அடிமண் அளந்த நாட்கள்

அணை எத்தனை அடி நிரம்பியது என்று ஊரே கேட்கும்; அடியில் எத்தனை அடி மண் சேர்ந்தது என்று கேட்பது எங்கள் தொழில் மட்டும்தான். மின் நிலையம் உள்ள அணைகளில் படகில் போய் வண்டல் அளப்பவன் நான். வீடு ஓசூரில், வேலை எங்கெங்கோ. பிழைப்புக்காக லாட்ஜில் படுத்து மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

குண்டு இறங்கிய கதை

கிருஷ்ணகிரிப் பக்கம் ஓர் அணை. படகோட்டி பசப்பா, ஓசூருக்குப் பக்கத்துப் பாகலூர்க்காரர். எங்கள் கருவி தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும். அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்லும். பழைய ஆழத்திலிருந்து இதைக் கழித்தால் சேர்ந்த மண் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஒருநாள் கருவி மக்கர் செய்தது. கயிற்றில் இரும்புக் குண்டைக் கட்டி இறக்கினோம். தரை தட்டியதா என்றே தெரியவில்லை. குழம்பு மாதிரி சேற்றுக்குள் குண்டு மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தது. பசப்பா கயிற்றை இழுத்துச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "இது தண்ணியும் இல்ல, மண்ணும் இல்ல சார். தெலுங்கும் கன்னடமும் கலந்த நம்ம ஓசூர் தமிழ் மாதிரி."

ஷிப்ட் மாறிய வாரம்

என் மனைவி செல்விக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் ஊருக்குப் போகும் ஞாயிறாகப் பார்த்து அவளுக்கு ஷிப்ட் விழும். மூன்று வாரமாக முகம் பார்க்கவில்லை. போனில் என்ன பேசுவது என்று தெரியாமல் வேலையைப் பற்றியே பேசினேன். ஆறு ஓடுகிறவரை மண்ணும் கூடவே வரும், அணைக்குள் வேகம் குறைந்ததும் மணல் முதலில் இறங்கிவிடும், மாவு போன்ற வண்டல் மட்டும் மதகு வரை போகும், மணல் அங்கே வந்துவிட்டால் டர்பைனைத் தேய்த்துவிடும் என்றெல்லாம் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "மண்ணு கூட ஒரு எடத்துல உக்காந்துடுதுங்க. நீங்க எப்ப வந்து உக்காருவீங்க?"

கரையில் நின்ற அக்கா

அதே அணையில், நாங்கள் படகை எடுக்கும்போதெல்லாம் ஓர் அம்மா கரையில் வந்து நிற்பார். பெயர் நஞ்சம்மா. ஜவளகிரியில் பிறந்து இந்தப் பக்கம் வாழ வந்தவர். பல வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளத்தில், மீன் பிடிக்கப் போன அவர் வீட்டுக்காரரின் பரிசல் மட்டும் கரை ஒதுங்கியது. ஆள் கிடைக்கவேயில்லை. உறவுக்காரர்கள் சொல்லியும் அவர் தாலியைக் கழற்றவில்லை.

"உங்க மெஷினு அடியில இருக்கறதையெல்லாம் காட்டுமாமே?" என்றார்.

"ஆழத்தை மட்டும்தாங்க்கா காட்டும்" என்றேன்.

"அவரு போன எடத்துக்காவது கூட்டிட்டுப் போங்க."

வெளியாளைப் படகில் ஏற்றக் கூடாது என்பது விதி. நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே பசப்பா மிதவைச் சட்டையை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டார்.

ஆறு அணைக்குள் நுழையும் இடத்தில், "இங்கதான்" என்று கை காட்டினார் நஞ்சம்மா. என்ஜினை நிறுத்தினோம். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. கருவியின் திரையில் ஓடிய கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளத்துக்கு முந்தைய கோடையில் அளந்த ஆழம் என்னிடம் இருந்தது. கழித்துப் பார்த்தேன்.

"எவ்ளோ மண்ணு மூடியிருக்கு சார்?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆறடிங்க்கா."

நஞ்சம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க ஊர்லயும் ஆறடிதான் தோண்டுவாங்க. அப்ப ஆறே அவர அடக்கம் பண்ணிருச்சு. கரைக்குத் திருப்புங்க சார்."

அந்த இடத்துக்கு நேராக ஆழம், மண், தேதி என்று மூன்றை மட்டும்தான் என்னால் எழுத முடிந்தது; எங்கள் படிவத்தில் வேறு எதற்கும் கட்டம் கிடையாது.