கண்மருந்தைக் கெடுத்தவள்

அம்மாவின் வலக்கண்ணைக் கெடுத்தவள் என்ற பெயர் எனக்கு எட்டு வயதிலேயே கிடைத்துவிட்டது. வாங்கித் தந்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்தது அவருடைய வீட்டில்.

குருத்தோலை ஞாயிறு பவனியில், முன்னால் போனவர் சட்டென்று திரும்பியபோது அவருடைய ஓலையின் நுனி அம்மாவின் கண்ணில் குத்திவிட்டது. மாமாவிடம் எதற்கும் ஒரு மருந்து இருக்கும். தன் கட்டராக்ட் ஒப்பரேஷனுக்குத் தந்ததில் மிஞ்சிய சொட்டு மருந்தை எடுத்துவந்தார்.

"ரெண்டு நாளில சிவப்புப் போயிடும். டொக்டரிட்ட ஏன் வீணா அலையிறாய்?"

சிவப்பு போகத்தான் செய்தது. மாமாவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். அடுத்த வாரம் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது.

ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு நானும் போனேன். டொக்டர் பூஞ்சணம் என்றார். மாமாவின் மருந்துப் போத்தலைத் திருப்பிப் பார்த்தார்.

"பூஞ்சணத்துக்கு இது தீனி போட்ட மாதிரி. ஆர் தந்தது?"

"பார்மசியில வாங்கினது" என்றார் அம்மா. வலியில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

பூஞ்சணத்துக்கான சொட்டு மருந்து எங்கும் கிடைக்கவில்லை. அப்பா நாலு இடம் அலைந்து ஊசி மருந்துத் தூள் வாங்கிவந்தார். ஆஸ்பத்திரியில் அதைக் கரைத்து, சின்னப் போத்தலில் ஊற்றி, ஈயத்தாள் சுற்றித் தந்தார்கள். வெளிச்சம் படக்கூடாது, பிரிஜ்ஜில் வைக்க வேண்டும், மணிக்கொரு தரம் விட வேண்டும்.

உள்ளே என்ன நிறம் என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. தாளைக் கொஞ்சம் விலக்கினேன். மஞ்சள். உடனே மூடிவிட்டேன். ஆனால் மாமா கண்டுவிட்டார்.

பார்வை இனித் திரும்பாது என்று டொக்டர் கைவிரித்த அன்று, மத்தியானச் சாப்பாட்டில் மாமா சொன்னார்: "மருந்தில வெளிச்சம் பட்டிட்டுது. பிள்ளை கழட்டிப் பார்த்தவள், நான் கண்டனான்."

அப்பா என்னை அடித்தார். அம்மா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அந்த ஒரு நொடி வெளிச்சத்தில் மருந்து கெட்டிருக்காது என்பதை வளர்ந்தபின் கேட்டறிந்தேன். மாமாவின் போத்தலைப் பார்த்து டொக்டர் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை; அந்த மேசையில் உண்மை தெரிந்தவர் அம்மா ஒருவர்தான். அண்ணனைச் சொன்னால் வீட்டை விட்டு இறங்க வேண்டும். மகளைச் சொன்னால் யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் அன்று, அழுது முடித்துவிட்டு, அம்மாவிடம் போய் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு" என்று தலையைத் தடவினார். இப்படி ஒரு நல்ல அம்மா யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.