பிரேக்கம்மா திட்டாத நாட்கள்

அந்தக் கார் ஓட்டும் பள்ளியில் படித்தவர்களிடம், கற்றுக்கொடுத்தவளின் பெயரைக் கேட்டால் முழிப்பார்கள். பிரேக்கம்மா என்றால் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். பள்ளிக் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அவள் கால் அதை மிதிப்பதற்கு முன்பே வாய் மிதித்துவிடும். "கண்ணாடி எதுக்கு வெச்சிருக்கு, தலை வாரிக்கவா?" "கிளட்ச்ச மெதுவா விடும்மா, அது என்ன உன் மாமியார் கழுத்தா?" வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதவர்கள் உண்டு. அழுதவர்களும் பாஸாகிவிடுவார்கள், அது வேறு விஷயம்.

வீட்டில் அந்த வாய்க்கு ஒரே ஆள்தான் தீனி. மகன். செருப்புக் கடையில் விற்பனையாளன். வாசலில் நின்றால் வாசல் தெரியாது, அப்படி ஓர் உடம்பு. அவள் அவனுக்கு வைத்த பெயர் மூட்டை. கணவர் செத்துப்போன பிறகு, மூன்றாவது மாடியில் இரண்டு அறைகளுக்குள் அந்த இரண்டு பேரும் போட்ட சண்டையில் கீழ்வீட்டுக்காரர்கள் டிவி வாங்குவதையே தள்ளிப்போட்டார்கள் என்று மூட்டை சொல்லிக்கொள்வான்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரம் தவறாமல் மிஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் நிலை வந்தபோது, மூட்டை தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்றான். அவள் ஒரே அடியாக மறுத்தாள்.

"எனக்கு ரெண்டு இருக்கு. உனக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணாங் கிளாஸ் கணக்கும்மா. நானே பாஸாயிடுவேன்."

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அவன் கொடுத்ததை அவள் வயிற்றின் அடியில், வலது பக்கம், கை வைத்தால் தெரிகிற மாதிரி வைத்துத் தைத்தார்கள். மகன் முதலில் வீட்டுக்கு வந்தான், பிறகு அவள் வந்தாள். மாத்திரைக்கு அலாரம், வெளியே போனால் முகக்கவசம், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர், காலையில் எழுந்ததும் காய்ச்சல் பார்த்து அவனிடம் சொல்வது. எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒன்றைத் தவிர. அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

நிறுத்தியதோடு விட்டாலும் பரவாயில்லை. மரியாதை வேறு கொடுக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் அவன் கடையிலிருந்து வந்ததும், "வாங்க, சாப்டீங்களா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள். அவன் வேறு யாராவது வந்திருக்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தான்.

மூட்டைக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஈரத் துண்டைச் சுருட்டிச் சோபாவில் போட்டான். அவள் எடுத்துக் கொடியில் காயப்போட்டாள். டிவி ரிமோட்டை ஃபிரிட்ஜுக்குள் ஒளித்து வைத்தான். "சில்லுன்னு நல்லாத்தான்ப்பா இருக்கு," என்று கையில் எடுத்துக்கொண்டாள். அன்று அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒருத்தர் ஆசையாகச் சட்டை எடுத்துக் கொடுத்தால், போட்டுப் பார்த்துவிட்டு அக்குளில் பிடிக்கிறது என்று சொல்ல முடியுமா? இது சட்டைகூட இல்லை. தன் வயிற்றைக் கிழித்து எடுத்துக் கொடுத்த பிள்ளையிடம் துண்டைப் பற்றி என்ன பேசுவது?

அந்த நினைப்பில்தான் அவள் பெரிய தப்பைச் செய்தாள். ஒரு காலையில் உடம்பு கதகதவென்றிருந்தது. சிறுநீர் போகும்போது எரிந்தது. காய்ச்சல் வந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு வரணும், இல்லாவிட்டால் கொடுத்த உறுப்பே போய்விடலாம் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். அவளோ மகனிடம், "இன்னைக்கும் சரியாத்தான்ப்பா இருக்கு," என்றாள். எரிகிறது என்றால், நீ கொடுத்தது சரியில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? நாளைக்குச் சரியாகிவிடும். மறுநாளும் அதையே சொன்னாள்.

அன்று சாயங்காலம் மூட்டை பள்ளி முதலாளியிடம் கெஞ்சி, அவளுடைய பழைய பயிற்சிக் காரைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். "ஒரு ரவுண்டு போலாம் வாம்மா." அவனுக்குத் திட்டம் இருந்தது. இண்டிகேட்டர் போடாமல் திரும்பினான். முதல் கியரிலேயே வண்டியைக் கதறவிட்டான். சைக்கிள்காரர் ஒருவரை உரசுகிற மாதிரி போய், அவரிடம் மூன்று தலைமுறைக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டான். பக்கத்து சீட்டில் சத்தமே இல்லை.

"எப்டிம்மா ஓட்டறேன்?"

"நல்லாத்தான்ப்பா ஓட்டறே."

அவன் காரை நிறுத்தினான். அவள் காலடியைப் பார்த்தான். பிரேக் மேல் இருக்க வேண்டிய கால் ஓரமாகத் துவண்டு கிடந்தது. நெற்றியில் கை வைத்தான்.

"எத்தன நாளா?"

"நேத்துலேர்ந்து."

"காலைல கேட்டப்ப என்ன சொன்ன?"

"நீ குடுத்ததப் போய் எப்டிப்பா குறை சொல்றது?"

மூட்டை ஆஸ்பத்திரியைப் பார்த்து வண்டியை எடுத்தான். இந்தத் தடவை விளையாட்டு இல்லை, பயம். சிவப்பு விளக்கு எரிகிற சந்திப்பில், பேருந்து வருவதைப் பார்க்காமல் நேராக விட்டான். அவள் கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. கார் குலுங்கி நின்றது. பேருந்து மூக்கு முன்னால் போனது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு, மூட்ட? என்னைய ஆஸ்பத்திரியில சேக்கப் போறியா, பொணக்கிடங்குல சேக்கப் போறியா?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பின்னால் ஹாரன் கத்தியது. "பச்ச விழுந்திருச்சு, போடா," என்றாள்.

ஆஸ்பத்திரியில் சிறுநீரில் கிருமி என்றார்கள். உள்ளே சேர்த்து, கை நரம்பில் மருந்து ஏற்றினார்கள். இரத்தத்தில் கழிவு ஏறியிருந்தது, புது உறுப்பு கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, மீளுமா என்று மருந்து உள்ளே போனபிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. அந்த நாட்களில் மூட்டை கடைக்கு லீவு போட்டு, கட்டில் பக்கத்து ஸ்டூலில் பாதி உடம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளோ கூரை விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கொடுத்ததை மரியாதையாலேயே கெடுத்துவிட்டோமோ என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

ஒரு காலையில் டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "கழிவு எறங்குது. தப்பிச்சீங்க," என்றார். "இனிமே மறைக்காதீங்க. இப்ப ஏதாவது தொந்தரவு இருக்கா?"

வழக்கமாக இல்லை என்பாள். மகனை ஒரு பார்வை பார்த்தாள்.

"இருக்கு டாக்டர். ராத்திரிப் பூரா சும்மா இருந்துட்டு, விடியக்காலைல நாலு தடவ எழுப்புது. உக்காந்தா இழுக்குது. இருமினா குத்துது. இவன்கிட்டேர்ந்து வந்ததுதானே, ஒழுங்கா வேற எப்டி இருக்கும்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். மூட்டை சிரிக்கவில்லை. "நான் தண்ணி புடிச்சிட்டு வரேன்," என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

கதவு இடுக்கில் அவளுக்குத் தெரிந்தது. தண்ணீர் மிஷின் முன்னால் நின்றான். பாட்டில் நிறைந்து வழிந்து, அவன் செருப்பு நனைந்தும் கையை எடுக்கவில்லை. பிறகு சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்தான். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள், பார்க்காத மாதிரி.

வந்து நீட்டினான். "குடி."

"மருந்து ஏறுற கையிலயா நீட்டறது? மூடியத் தொறந்து குடுடா, மூட்ட."