தவலை அம்மாள், திண்டுக்கல்

முதலிலேயே மன்னித்துவிடுங்கள். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. முப்பது வருடமாக லாரி செட்டில் மூட்டைகளின் மேல் ஊர்ப்பெயர் எழுதுகிறேன். வத்தலக்குண்டு, அய்யலூர், நத்தம் என்று எழுதிப் பழகிய கைக்கு வேறு வார்த்தைகள் லேசில் வராது. அதிலும் எங்கே சின்ன ல, எங்கே பெரிய ள என்பது இன்றுவரை எனக்குத் தகராறுதான். ஆனாலும் என்னால் ஒரு மூட்டைகூட ஊர் மாறிப் போனதில்லை. ஒரு தடவை அந்தத் தகராறே ஒரு ஆளை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

போன வாரம் என் மகள் டி.வி.யில் ஒரு போட்டி பார்த்தாள். கேள்வி வந்ததும் கையிலிருந்த போனைத் தொட்டாள். அவ்வளவுதான், விடை போய்விட்டதாம். பேரும் ஊரும் எழுத வேண்டாமா என்று கேட்டேன். “நம்பர் போதும்ப்பா” என்றாள். அதற்குப் பிறகு எனக்கு நிகழ்ச்சியில் மனம் ஒட்டவில்லை.

எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது எங்கள் தெருவில் மாடிவீட்டு டீச்சரம்மாவிடம் மட்டும்தான் டி.வி. இருந்தது. ஆண்டெனாவைக் கொடைக்கானல் மலைப் பக்கம் திருப்பிவைத்தால் படம் தெரியும். வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் கேள்வி பதில் போட்டி நடக்கும். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் கேள்வி கேட்கும் ஒரு அம்மா. ஆரம்பத்தில் விடை தெரிந்தவர் கை தூக்கினால் போதும். யார் முதலில் தூக்கியது என்று வழக்கு வந்ததும் மேசைமேல் மணி வைத்தார்கள். கேள்வி முடியும் முன்னே மணியை அடிக்க ஆரம்பித்ததும், தப்பான விடைக்கு மார்க்கைக் கழித்தார்கள். அதற்குப் பயந்து எல்லாரும் வாயை மூடிக்கொள்ளவே, ‘பாஸ்’ என்று ஒன்று வந்தது. பள்ளிக்கூடத்தில் பாஸ் என்றால் தேறியவன். அங்கே பாஸ் என்றால் தெரியாதவன். அந்த ஒரு விதி மட்டும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கடைசியில் வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி உண்டு. விடையை ஒரு கார்டில் எழுதிப் போட வேண்டும். சரியாக எழுதியவர்கள் எல்லாருடைய பெயரும் ஊரும் அடுத்த வாரம் வாசிக்கப்படும். பரிசு எதுவும் கிடையாது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடையை டீச்சரம்மாவிடம் கேட்டு வந்து என்னை எழுதச் சொல்வாள்.

“பேரு தவளைன்னு எழுது. திண்டுக்கல்லு, மாதா கோயில் பின்தெரு.”

“ஏம்மா, தவளையா ஒம் பேரு?”

“சொன்னத எழுதுடா அப்பு. பின்தெருவ விட்றாத.”

ஏன் என்று அன்று எனக்குத் தெரியாது. படிக்கிறவர்கள் குழம்ப வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மா பிறந்தது சேவுகம்பட்டி. அவளுக்கு ஒரே தம்பி. பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தவறியதற்காகத் தாத்தா அவரைத் தெருவில் வைத்து பெல்ட்டால் அடித்தாராம். அன்றைக்கே வத்தலக்குண்டு போய் பஸ் ஏறியவர்தான், நான்கு வருடமாகத் தகவல் இல்லை. அவர் போன அடுத்த வருடமே தாத்தா இறந்துபோனார். நாங்களும் திண்டுக்கல்லுக்குக் குடிவந்துவிட்டோம். குமுளிக்கு மேலே ஏதோ ஏலத்தோட்டத்தில் மாமாவைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். எந்தத் தோட்டம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கே ஆட்களுக்கென்று ஒரு டி.வி. இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது. தாத்தா இறந்தது தெரியாததால், அவருக்குப் பயந்து மாமா சேவுகம்பட்டி பக்கம் வரமாட்டார். அக்கா திண்டுக்கல்லில் தனிக்குடித்தனம் இருக்கிறாள் என்று தெரிந்தால் வருவார். சின்ன வயதில் வாய்க்காலைத் தாவித் தாவி ஓடியதால் அம்மாவைத் தவளை என்று கூப்பிட்டது உலகத்திலேயே மாமா ஒருவர்தான்.

முதல் கார்டில் விடை தப்பு. இரண்டாவது கார்டு நாள் கடந்து போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றாவது வாரம் அந்த டி.வி. அம்மா சிரித்துக்கொண்டே ஒரு புது விதியைச் சொன்னார். கார்டுகள் மூட்டை மூட்டையாக வருகின்றன, இனிமேல் பெயர்களை வாசிக்க நேரமில்லை, அடுத்த வாரத்திலிருந்து குலுக்கிப்போட்டு ஒரே ஒருவருக்கு மட்டும் பிரஷர் குக்கர். இந்த வாரக் கேள்விக்கு விடை எழுதுபவர்களின் பெயர்கள் மட்டும் கடைசியாக ஒரு தடவை வாசிக்கப்படும். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் குக்கர் என்றதும் கை தட்டினார்கள். அம்மா மட்டும் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தாள்.

அப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. “ஒங்கம்மா டி.வி.க்காரிக்கு அம்புட்டு வேண்டப்பட்டவ ஆயிட்டாடா. நாளைக்கு அவளே வந்து கேள்வி கேக்கப் போறா” என்பார்.

அந்தக் கடைசிக் கார்டை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைத்தாள். வெறுமனே தவளை என்று எழுத எனக்குச் சங்கடமாக இருந்தது. பெற்ற தாய் அல்லவா? மரியாதைக்கு ஒரு ‘அம்மாள்’ சேர்த்துக்கொண்டேன். பெட்டியில் போட்டுவிட்டு வந்த மறுநாள், வாத்தியார் கரும்பலகையில் தவளை என்று எழுதினார். பெரிய ள. நான் சின்ன ல போட்டிருந்தேன். தவலை! எங்கள் வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்கும் பித்தளைப் பாத்திரம்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

போட்டி அன்று சாயங்காலம் டி.வி. அம்மா ரயில் போவது போலப் பெயர்களை வாசித்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்றார்.

“திண்டுக்கல், மாதா கோயில் பின்தெரு, தவலை அம்மாள்...” கார்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். “தவலையா, தவளையா? தண்ணீர்ப் பாத்திரமா, தண்ணீரில் இருப்பதா? திண்டுக்கல் தவளை அம்மாள் எங்களுக்கு இன்னொரு கார்டு போட்டுத்தான் சொல்ல வேண்டும்.”

டீச்சரம்மா வீடே சிரித்தது. மறுநாளிலிருந்து குழாயடியில் பெண்கள் அம்மாவைப் பார்த்ததும், “ஏத்தா தவளை, ஒரு தவலை தண்ணி புடிச்சுக்க” என்றார்கள். அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிடுவாள். எழுத்தைத் தப்பாகப் போட்டது நான்தான் என்று அழுதுகொண்டே சொன்னேன். “பேரு வந்துச்சுல்ல, விடு” என்றாள். ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் ஒருவர் தயங்கியபடி நின்றுகொண்டிருந்தார். கையில் துணிப்பை, அதிலிருந்து ஏலக்காய் வாசனை. உள்ளேயிருந்து வந்த அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் மெதுவாக, “அப்பா இங்கயா இருக்காரு?” என்றார்.

“இல்லடா.”

அவர் பெருமூச்சு விட்டுச் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். சொம்பைக் கீழே வைத்த பிறகுதான் அம்மா, “எங்கயுமே இல்லடா. போயி மூணு வருசமாச்சு” என்றாள். பிறகு அம்மா அவர் முதுகில் பொத்தென்று ஓர் அடி வைத்தாள். அதற்கப்புறம்தான் அழுதார்கள்.

சாப்பிடும்போது மாமா சொன்னார்: “மொத தடவ அந்தம்மா வாசிக்கையில எனக்குக் கேக்கவே இல்லக்கா. தட்டக் கழுவ எந்திரிச்சுட்டேன். தவலையா தவளையான்னு அது இழுக்கவுந்தான் திரும்புனேன். எவன் எழுதுனது?”

அம்மா என்னைக் காட்டினாள். நான் அடுப்பங்கரைக்கு ஓடிவிட்டேன். அடி விழாது என்று புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு வாரத்துச் சோற்றையும் அன்றைக்கே சேர்த்துச் சாப்பிட்டேன் என்று அம்மா இன்றும் சொல்வாள்.

வேலை முடிந்து வந்த அப்பா, “வாங்க மாப்ள. நான் கட்டுனது தவளையத்தான்னு இப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சு” என்றார்.

அடுத்த வாரம் போட்டிக்கு நேரமானது. அம்மா மாமாவுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவே இல்லை. எனக்குக் கோபமான கோபம்.

“பரிசு இல்லாதப்பல்லாம் எழுதிட்டு, குக்கர் குடுக்கும்போது விட்டுட்டியேம்மா!”

“நமக்குப் பரிசு வந்துருச்சுடா அப்பு” என்றாள், அடுப்பை ஊதிக்கொண்டே.

எனக்குத் தெரியாமல் எப்போது வந்தது? பரண் மேல் ஏறிப் பார்த்தேன். துணிப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியிலும் தேடினேன். மாமா பாயில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பாய்க்கு அந்தப் பக்கம் ஒருவேளை இருக்குமோ என்று அவர் காலைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் குக்கர் இல்லை.

17 ஆகஸ்ட் 2025, ஞாயிற்றுக்கிழமை.