ஒன்பதும் பத்தும்

கைசுத்தமான ஒரு மனிதரை நாலு பேர் முன்னால் ஏமாற்றுக்காரர் என்றேன். கோத்தகிரியில் என் தேயிலைத் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்துக்காரர் அவர். நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் சொல்லை ஊர் நம்பும்.

தேயிலை ஃபேக்டரி வண்டி மதியம் கொழுந்து நிறுக்கும் ஷெட்டுக்கு வரும். வண்டி நிறைந்துவிட்டால் மிச்ச மூட்டைகள் மறுநாள்வரை கிடந்து, சூடேறிச் சிவந்துபோகும். யார் கொழுந்தை முதலில் நிறுப்பது என்று எங்கள் இருவருக்கும் ஓயாத தகராறு. அவர் மூன்று பகடைகள் கொண்டுவந்தார். டீ டம்ளரில் குலுக்கி, மாறி மாறிப் போடுவோம். கூட்டுத்தொகை ஒன்பது முதலில் வந்தால் நான், பத்து வந்தால் அவர்.

"மூணு எண்ணைக் கூட்டினா ஒன்பதுக்கு ஆறு வகை, பத்துக்கும் ஆறு வகை. சரிபாதி" என்று தீர்ப்புச் சொன்னவன் நான்தான்.

ஆனால் அவர் ஜெயித்த நாட்களே எனக்கு நினைவில் நின்றன. ஃபேக்டரிக்குக் கொழுந்து வாங்கும் ஏஜென்ட் ஆசையாக அள்ளி முகர்ந்து பார்ப்பது அவர் கொழுந்தைத்தான். உறைபனி என் சரிவைப் பொசுக்கிய வருஷமும் அவர் சரிவு பச்சையாக நின்றது. இப்போது பகடையுமா? தொடர்ந்து நாலாவது நாளும் பத்து விழுந்தபோது, "பகடையைத் தேய்ச்சு வெச்சிருக்கீங்க" என்றேன்.

"கொழுந்துக்கு முன்னாடி வாத்தியார் மொகம் வாடிப்போச்சுங்க" என்று வண்டி டிரைவர் சிரித்தார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சிரிக்கவில்லை. "ஏனுங்க, நானுங்களா?" என்று கேட்டார். பகடைகளை என் கையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் முதல் கடைசி ஆளாக வந்து கொழுந்தை எடை போட்டார்.

ஒரு வாரம் வீட்டில் உருட்டிப் பார்த்தேன். பகடையில் குற்றமில்லை. பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காக எண்ணினேன். மூன்று, மூன்று, மூன்று ஒரே விதமாகத்தான் விழும். மூன்று, மூன்று, நான்கு என்றால் அந்த நான்கு எந்தப் பகடையிலும் வரலாம். அது மூன்று விதம். இப்படி எல்லாவற்றையும் எண்ணினால் ஒன்பதுக்கு இருபத்தைந்து, பத்துக்கு இருபத்தேழு. என் சரிபாதி தவறு. ஆனால் ஐம்பத்திரண்டில் இரண்டு வித்தியாசத்தை நாலு நாளில் எந்தக் கண்ணும் பார்த்துவிட முடியாது. நான் பார்த்தது என் பொறாமையை.

அதே ஷெட்டில், அதே ஆட்கள் முன்னால் சொன்னேன்: "என் கணக்கும் தப்புங்க, வாயும் தப்புங்க. மன்னிச்சுக்குங்க."

"ரெண்டுக்கா இத்தனை பாடு? அப்ப பத்தை நீங்களே வெச்சுக்குங்க வாத்தியாரே" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்.

மறுபடி பகடை போடுகிறோம். பத்து இப்போது என்னுடையது. அவர் முறை வரும்போது மட்டும் பகடையைத் தொடாமல் கைகளை ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொள்கிறார்.

"டிரைவர் தம்பி, எனக்குப் பதிலா நீயே போட்டுரு."