நாத்தனார் முடிச்சுக்கு வந்தவள் நான் இல்லை

போன ஆவணி மாதம், அமரவிளையில் ஹைவேயை ஒட்டி இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் இருந்து தொடங்கினால்தான் சரியாக வரும். என் கணவருக்குப் பழைய தெலுங்குப் படம் என்றால் உயிர். தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது, ஆனாலும் விட மாட்டார். அன்றைக்கு டிவியில் ஒரே முகம் உள்ள இரண்டு பேர் வீடு மாறிப் போகிற ஒரு குடும்பப் படம். வீடு நிறைய ஆட்கள். ஒருத்தருக்கும் ஆள் மாறியது தெரியவில்லை. நான் சும்மா இருப்பேனா? "பெத்த தகப்பனுக்குப் பிள்ளைய தெரியாதா? நம்மள மடையனாக்குறான்" என்று படம் முடிகிற வரை கிண்டல் செய்தேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. கடைசியில் குடும்பம் ஒன்று சேர்ந்தபோது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கும் சிரித்தேன்.

நான் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடையில் பில் போடும் பெண்ணுக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பாறசாலைப் பக்கம். நாங்கள் காரக்கோணத்துக்கு அப்பால் இருப்பதால் அவர்களில் யாரையும் எனக்குத் தெரியாது. கணவர் ஸ்கூட்டர் நிறுத்த இடம் தேடிப் போக, நான் மட்டும் முதலில் உள்ளே நுழைந்தேன்.

வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்ததும் பன்னீர்ச் செம்பை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டார். "இப்பமாவது வந்தியே மக்கா" என்று அழுகிறார். கூட நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி கன்னத்தைத் தடவினாள், ஒருத்தி தலையில் பூ வைத்தாள். எங்கள் கடைப் பெண் என்னைப் பற்றி வீட்டில் ரொம்ப உயர்வாகச் சொல்லியிருக்கிறாள் போல என்று எனக்குப் பெருமைகூட வந்தது. இழுத்துக்கொண்டு போய் நேராக மணமேடைக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். "அண்ணே, மோளு வந்தாச்சு" என்று அந்த அம்மா மேடையைப் பார்த்துச் சொன்னார். எங்கள் பக்கம் எந்தப் பெண்ணையும் மோளு, அதாவது மகள் என்று சொல்வதுதான், அதனால் அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

மேடையிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். மாப்பிள்ளையின் அப்பா என்று தோளில் கிடந்த பட்டு நேரியல் துண்டைப் பார்த்தே தெரிந்தது. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, நேரியல் நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சொன்னார்.

"கீழ நிக்காத. மேல ஏறு. உனக்க தம்பிக்கு நீ இல்லாம ஆரு முடிச்சு போடுவா?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று திரும்பி மேடைக்குப் போய்விட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற முடிச்சுகளைப் போட வேண்டியவள் அவனுடைய கூடப்பிறந்தவள். இவர்கள் என்னை அவள் என்று நினைத்திருக்கிறார்கள். பின்னாலேயே போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன்.

அந்த நேரத்தில் தாம்பூலத் தட்டோடு வந்தார் மாப்பிள்ளையின் அம்மா. என்னைப் பார்த்தார். ஒரே பார்வைதான். தட்டு லேசாக ஆடியது. ஆனால் குரல் ஆடவில்லை. "சேலை மடிப்பு கலைஞ்சு கெடக்கு, வா மக்களே" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, என்னை அலங்கார அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"நீ ஆரு மக்களே?"

சொன்னேன். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு அவசர அவசரமாகச் சொன்ன விஷயம் இதுதான். மூத்த மகள் தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நெய்யாற்றின்கரையில்தான் இருக்கிறாள். அன்று முதல் அப்பா அவள் பெயரையே எடுப்பதில்லை. சொந்தக்காரர்கள் யாரும் பல வருஷமாக அவளைப் பார்த்ததில்லை. தம்பி கல்யாணத்துக்கு எப்படியும் வருவாள் என்று எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அம்மா ரகசியமாகக் கூப்பிட்டதற்கு, "அப்பன் வாயால விளிச்சா வாறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

"இப்பம் விளிச்சாச்சு. ஆனா அது உனக்கிட்டயாக்கும்" என்றார் அந்த அம்மா. சொல்லிக்கொண்டே மகளுக்கு போன் போட்டார். அவள் நம்பவில்லை. அம்மா பொய் சொல்லி வரவழைக்கப் பார்க்கிறார் என்று கோபப்பட்டாள். அம்மா போனை என் கையில் திணித்தார்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். "எப்பிடி சொன்னாரு?" என்று கேட்டாள். "தரையப் பாத்துட்டு, நேரியல வாயில வச்சிட்டு சொன்னாரு. நீ இல்லாம ஆரு முடிச்சு போடுவான்னு கேட்டாரு. எனக்கிட்ட இல்ல, உங்ககிட்டயாக்கும் கேட்டாரு" என்றேன். போன் கட்டாகிவிட்டது. வருவாளா மாட்டாளா, ஒன்றும் தெரியவில்லை.

"அவ வாறது வரை நில்லு மக்களே. இப்பம் உண்மைய சொன்னா அந்த மனுஷன் பழையபடி வாயப் பூட்டிடுவாரு" என்று கெஞ்சினார் அம்மா. மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேடையில் நின்ற நேரம் இருக்கிறதே, அதை எந்தப் படத்திலும் காட்டியதில்லை. பன்னீர் அம்மா, அதாவது மாப்பிள்ளையின் அத்தை, பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு "பிள்ள எத்தனாங் கிளாஸ்?" என்றார். "நல்லா படிக்கான்" என்றேன். "மோனா? மோளுன்னுல்லா கேள்விப்பட்டேன்" என்றார். நான் இருமல் வந்த மாதிரி இருமித் தீர்த்தேன். மாப்பிள்ளை என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். உடனே அம்மாவைப் பார்த்தான், அம்மா கண்ணால் அடக்கினார். மணப்பெண் வந்து உட்கார்ந்ததும் "சேச்சி, நீங்க எங்க இஞ்ச?" என்று கிசுகிசுத்தாள். கீழே, ஸ்கூட்டர் சாவியைக் கையில் பிடித்தபடி என் கணவர். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தலை நிறையப் பூவோடு நிற்கும் மனைவியை அவர் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

புரோகிதர் தாலித் தட்டை எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் சகோதரியைப் பக்கத்தில் வரச் சொன்னார். பெரியவர் தரையைப் பார்த்தபடியே தலையசைத்தார். வாசலில் யாரும் இல்லை. சினிமா என்றால் இந்த இடத்தில் இடைவேளை விடுவார்கள். எனக்கு யார் விடுவார்?

வேறொருத்தி போட வேண்டிய முடிச்சை நான் எப்படிப் போடுவேன்? அது மட்டும் என்னால் முடியாது என்று தோன்றிவிட்டது. நேராகப் பெரியவரிடம் போனேன்.

"அப்பா, பொறுக்கணும். நான் உங்க மோளு இல்ல. பொண்ணுக்க கூட கடையில வேல செய்யுறவ. உங்க மோளுக்கு போன் போட்டாச்சு."

அப்போதுதான் அவர் முதல்முதலாக என் முகத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலை குனியவே இல்லை. மேளக்காரர்கள் என்னமோ ஏதோ என்று நிறுத்திவிட்டார்கள். எல்லாம் கெட்டது, ஒரு கல்யாணத்தையே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அவ வாறேன்னு சொன்னாளா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல்ல. வச்சிட்டா."

அவர் புரோகிதர் பக்கம் திரும்பினார். "முகூர்த்தம் முடிய இன்னும் நேரம் உண்டுல்லா? தாலி நிக்கட்டும். ஆளு மாறிப்போச்சு. நான் விளிச்சது எனக்க மோளையாக்கும்."

சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி, வந்திருந்த அத்தனை பேரும் பார்க்க நடந்து போய் வாசலுக்கு வெளியே ரோட்டோரம் வெயிலில் நின்றார். மண்டபமே திரும்பி வாசலைப் பார்த்தது. புரோகிதர் வாட்சைப் பார்த்தார், மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தான். என் கணவர்தான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு முதலில் கத்தினார். "ஒரு ஸ்கூட்டர் வருது."

சாதாரண காட்டன் சேலை, கழுத்தில் ஒரு செயின், வேர்த்துப்போன முகம். கையில் ஹெல்மெட்டோடு வாசலில் தயங்கி நின்றாள். அப்பா அவள் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டார். அவள் முன்னால் நடக்க, பட்டு நேரியலும் ஹெல்மெட்டுமாக அவர் பின்னால் வந்தார். மேளம் தானாகவே ஆரம்பித்தது. தம்பி தாலியில் முதல் முடிச்சுப் போட, அக்கா மற்ற முடிச்சுகளைப் போட்டாள். நான் அழுதேன். ஏன் என்று கேட்டால் தெரியாது, நன்றாகவே அழுதேன்.

சாப்பாட்டுப் பந்தியில் என்னையும் அந்த மகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தப் பெரியவரே பாயசம் ஊற்றினார். உண்மையைச் சொன்னால், கிட்டத்தில் பார்க்கும்போது நாங்கள் அவ்வளவு ஒன்று போல இல்லை. அவள் என்னைவிட உயரம், மூக்கும் எடுப்பு. நெற்றியும் சிரிப்பும்தான் ஒரே மாதிரி. அத்தை மட்டும் "அச்சு ஒண்ணாக்கும்" என்று கடைசி வரை விடவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் என் கணவர் அந்தத் தெலுங்குப் படத்துப் பாட்டைத் தப்புத் தப்பாக முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முன்னால் டிவி முன் போய் உட்கார்ந்தது நான்தான்.

பெற்ற தகப்பனுக்குப் பிள்ளையைத் தெரியாதா என்று இப்போது நான் யாரையும் கிண்டல் செய்வதில்லை. எத்தனை நாள் அவளை எதிர்பார்த்திருந்தால், மேடைக்கு முன்னால் வந்து நின்ற ஒருத்தியை முகம்கூடப் பார்க்காமல் மகள் என்று நம்பியிருப்பார் என்று மட்டும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.