மழைக்கு ஒரு டப்பா

எரியோட்டில் என் பட்டறைக்குப் பழைய டிராக்டர் ஒன்றைக் கட்டியிழுத்து வந்தார் ஒரு பெரியவர். பேசும்போதெல்லாம் தோள்துண்டால் பானெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பானெட்டுக்கு மேலே வானம் பார்த்து நிற்கும் சைலன்சர் குழாயைக் கழற்றிச் சாய்த்தேன். துருத்தண்ணீர் கொட்டியது.

"மழையில கொழா வாய மூடி வைக்கலையாய்யா?"

"நான் என்னைக்குமே மூடுனதில்லப்பா. இம்புட்டு வருசத்துல தண்ணி எறங்குனதே இல்லையே."

குழாயின் நுனியைச் சுற்றி டப்பா கவிழ்த்திருந்த தடம் தெரிந்தது. காட்டினேன். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"மழ வந்தா எம் பொண்டாட்டி டப்பாவத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடுவா. எதுக்குன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல. போன மாசந்தான் போய்ச் சேந்தா. அதுக்கப்புறம் மொத மழ முந்தாநேத்துதாம்ப்பா பேஞ்சுச்சு."

வண்டி சரியானதும் காலி டப்பா ஒன்று கேட்டார். கொடுத்தேன். வானத்தில் மேகமே இல்லை; டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே ஓட்டிப் போனார்.